செருப்பைக் கழற்றிய இடம்

வியாழன் இரவு, அக்டோபர் 1998

இவருக்குப் படி ஏறினால் மூச்சு வாங்கும். அதனால் பர்மாவில் பகானைச் சுற்றிப் பார்க்கப் போனபோது கார் வாசல்வரை போகிற இடங்களாகவே தேடிப் பிடித்தேன். வறண்ட பூமி, பனைமரங்கள், ஆற்றோரப் புத்தர் கோயில்கள். எங்கும் ஏற்றமில்லை. செருப்பை வாசலில் விடுவது பிறந்ததிலிருந்து பழக்கம். அதை நான் யோசிக்கவேயில்லை.

உச்சி வெயிலில் செங்கல் தளம் கொதித்தது. நானும் மகளும் துள்ளித் துள்ளி நிழலுக்கு ஓடினோம். இவர் மட்டும் நடுவில் நின்று ஐராவதி ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுடலையா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"நல்லாயிருக்கு. நீயும் வந்து பாரு" என்றார். இவர் இப்படி எதையும் ரசித்து நான் பார்த்ததில்லை. நிழலுக்குக் கூப்பிடாமல் விட்டுவிட்டேன்.

அன்று ராத்திரியே உள்ளங்காலிலும் விரல்களிலும் கொப்புளம். ரங்கூனுக்கு வீடு திரும்பியும் ஆறவில்லை, விரல்கள் கறுத்துவிட்டன. இன்று டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். சர்க்கரை வியாதியில் கால் மரத்துப்போய் ரொம்ப நாளாகிறது, சூடே தெரிந்திருக்காது என்றார். இரண்டு விரல்களை எடுக்க வேண்டுமாம்.

வீட்டுக்கு வந்து கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்தார். பிறகு கேட்டார்.

"அன்னைக்கு அவ்வளவு சூடாவா இருந்துச்சு?"

"இல்லீங்க" என்றேன்.