கொக்குவாய் வைக்காத வரகுமணி ஆரம்

கழி வற்றாதிருக்க. உப்பும் உறவும் குறையாதிருக்க.

ஏழு குன்றுகளுக்கும் உரியவரும், வரகு விளையும் நாட்டுக்கு நிழலானவரும், பகைவரும் பெயர் சொல்லி வணங்கும் பெருமை உடையவருமான மாமன்னர் பெருஞ்சேந்தனார் திருச்சமுகத்துக்கு, அலைவாய்க்கழி நாட்டு அமைச்சன் தாழிமாறன் பணிந்து எழுதுவித்த ஓலை. தங்கள் குன்றுகளில் மழையும் மனைகளில் மக்களும் நலமுற்றிருக்க வேண்டுகிறோம். இங்கு அரசியாரும் இளவரசியாரும் நலம். நலமின்றி இருந்தவர் ஒருவர் உண்டு. இவ்வோலை அவரைப் பற்றியது.

எங்கள் இளவரசியின் மணத்துக்குத் தங்கள் மலை வழக்கப்படி வரகுமணி ஆரம் வேண்டினோம். தாங்களும் மனமுவந்து, கைதேர்ந்த கொல்லர் ஒருவரை அனுப்புவதாக எழுதி அனுப்பிவைத்தீர்கள். வந்தவர் கோட்டையின் தென்மூலையில் உலை மூட்டினார். வெள்ளியை உருக்கி, மெல்லிய கம்பியாய் இழுத்து, வரகரிசி அளவில் மணி மணியாய் உருட்டி, நான்கு திங்களில் ஆரத்தைக் கோத்துவிட்டார். பிடரியில் மாட்டும் கொக்குவாய் ஒன்றே மிச்சம். அதைப் பற்றவைக்க வேண்டிய நாளில், இளவரசியின் பெயர் என்னவென்று காவலரிடம் கேட்டார்.

எங்கள் நாட்டில் மணமாகாத அரசமகளின் பெயரைப் பெற்ற தாயன்றி எவரும் சொல்லலாகாது, கேட்பதும் குற்றம். மலையான் சூனியம் வைக்கப் பார்க்கிறான் என்று காவலர் பதறி ஓடிவந்தனர். ஏன் கேட்டார் என்று விசாரியாமலே, அவரோடு யாரும் பேசலாகாதென ஆணையிட்டவன் இந்த அமைச்சன்தான். அறிவு இருக்க வேண்டிய இடத்தில் அன்று பதவி உட்கார்ந்திருந்தது.

அதன்பின் மூன்று திங்கள் அவர் வாசலில் சோறு வைக்கப்பட்டது. வைத்தவர் திரும்பிப் பாராமல் போனார். இன்று வெயில் அதிகம் என்று பட்டறைக்கல்லிடம் சொல்லிக்கொள்வாராம். மாலையில் மேற்கு மதில்மேல் ஏறி நிற்பாராம். அங்கிருந்து பார்த்தால் உப்புப் பாத்திகள்தாம் தெரியும், குன்றுகள் தெரியா. வரகு அறுப்புக்குள் வந்துவிடுவதாக மனைவியிடம் சொல்லி வந்தவர். அரை நாழிகை வேலையை முடித்தால் புறப்பட்டிருக்கலாம், முடிக்கவில்லை. தினமும் ஆரத்தைத் துடைத்துப் பேழையில் வைத்தார், அவ்வளவே.

பிடிவாதம் என்று எண்ணினோம். அமாவாசைக்குள் முடியாவிடில் கருவிகளைப் பறித்து, ஆயுளுக்கும் உப்பளத்தில் விடுமாறு முத்திரையும் இட்டோம். அமாவாசைக்கு முந்தின நாள் காலை, செய்தி அறிந்த இளவரசியார் எவரையும் கேளாமல் பட்டறைக்குச் சென்று, ஏன் முடிக்கவில்லை என்று வினவினார். அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறோம்: "ஆருக்குன்னு தெரியாம எப்படித் தாயீ கொக்கி வைக்கிறது? போடறவங்க பேரை ஒருக்காக் கூப்பிட்டுத்தான் பத்தவைப்போம். இல்லாட்டி அது வெறும் சங்கிலி, மாட்டுக்குக் கூடப் போடலாம்."

இளவரசியார் நகைத்தார். பின்பு, நாட்டின் வழக்கை மீறித் தம் பெயரைத் தாமே சொன்னார். கொல்லர் அதை ஒருமுறை உரக்க அழைத்து, ஊதுகுழலை எடுத்துக் கொக்குவாயைப் பற்றவைத்தார். வேலை முடிந்ததும் இளவரசியார் அவர் பெயரைக் கேட்டார். ஏழு திங்களாக அப்பெயரை யாரும் கேட்கவில்லை, யாரும் அழைக்கவில்லை. தம் பெயரைச் சொல்லி முடிக்குமுன் அந்த மனிதர் பட்டறைக்கல்லைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஆணையிட்டவனே வெட்கத்தோடு இதை எழுதுவிக்கிறான்.

உப்பள ஆணையை உடைத்தோம். ஆரம் இளவரசியார் கழுத்தில் இருக்கிறது. கொல்லர் நாளை புறப்படுகிறார். அறுப்புக்கு இன்னும் பத்து நாள் உண்டென்று கேள்வி. வழிநெடுக எம் சாவடிக் காவலர் அவரைக் கொல்லரே என்று விளிக்காமல், பெயர் சொல்லி வரவேற்றுச் சோறிட வேண்டும் என்பது ஆணை. தங்கள் மலைவாயிலிலும் அவ்வண்ணமே அழைக்கச் செய்தருள்க என்பது எம் வேண்டுகோள். தங்கள் ஓலையில் அப்பெயர் இல்லை. எங்கள் ஓலைகளிலும் இதுவரை இல்லை.

நாரை இலச்சினையிட்டு ஒப்பமிட்டோம். வருபவர் பெயர் நன்னாகன்.