ஜோவின் புது ஆம்ப்

ஜூன் 5, வியாழன்

காலையிலிருந்தே காற்று. மாடியில் காயப்போட்ட துணி பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. கேஸ் புக் பண்ண வேண்டும். கிடாருக்குப் புதுக் கம்பி.

பாட்டுக்குழுவில் புதிதாகச் சேர்ந்த ஜோ, கிடார் சத்தத்தைக் கூட்டித் தரும் டியூப் ஆம்ப் ஒன்று வாங்கிவிட்டான். உள்ளே பழைய ரேடியோவில் இருந்த மாதிரி கண்ணாடி வால்வு. பைக் டேங்க் மேலேயே வைத்துக் கொண்டுவந்தான், அவ்வளவு சின்னப் பெட்டி. பின்னால் ஒரு ஸ்விட்ச். மேலே தட்டினால் பதினைந்து வாட், கல்யாண மண்டபத்துக்குப் போதும். கீழே தட்டினால் ஒரே வாட். வீட்டிலேயே வாசிக்கலாம், பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வரமாட்டார். சத்தம்தான் குறைகிறது, இனிமை குறையவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. நல்லாருக்குடா என்றேன். வேறென்ன சொல்ல.

ஜூன் 6, வெள்ளி

மாதா கோயில் பாட்டுக்குழு ரிகர்சல். திருவிழாப் பாட்டு திங்கட்கிழமை ரெக்கார்டிங். நடுவில் வரும் கிடார் பிட் எப்போதும் என்னுடையது. ஜோ நேற்று வந்தவன். இன்று எல்லாரும் அவன் பெட்டியைச் சுற்றியே. பாட்டு மாஸ்டர் குனிந்து வால்வைப் பார்க்கிறார், தொட்டில் பிள்ளையைப் பார்ப்பது மாதிரி. என் ஆம்ப் மேல் யாரோ டீ கிளாஸை வைத்திருந்தார்கள்.

கிளம்பும்போது மாஸ்டர்: "அப்பு, இந்தத் தடவ அந்த பிட்ட ஜோ வாசிக்கட்டுமே. சவுண்டு அம்புட்டு நல்லாருக்கு."

தலையாட்டிவிட்டு வந்தேன். வெஞ்சனத்தில் உப்பு ஜாஸ்தி என்று மனைவியிடம் எரிந்து விழுந்தேன். உப்பெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

ஜூன் 8, ஞாயிறு

பூசை முடிந்ததும் ஜோ ஆம்பை மந்திரிக்கக் கொண்டுபோனான். புது வண்டி, புது மிக்சி எல்லாம் மந்திரிக்கிற ஊர். மந்திரித்த கையோடு வாசிக்க வேண்டுமென்று முன்னாலேயே ஆன் பண்ணி வைத்திருந்தான். வால்வு கொதித்துக்கொண்டிருந்தது. எங்கள் பங்குச் சாமியாருக்குத் தாராளமான கை. தீர்த்தம் தெளிக்கமாட்டார், குளிப்பாட்டுவார். பெட்டியின் மேல்மூடியிலோ காற்றுத் துளைகள். சூடான கண்ணாடியில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சொல்ல நேரமும் இருந்தது. சொல்லவில்லை.

டிக். அவ்வளவுதான், வால்வு போச்சு.

சாமியார் பதறிவிட்டார். ஜோதான் அவரைத் தேற்றினான். வேறு வால்வு கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டுமாம், நாளைக்குள் வராது. எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. எழுதக் கூசுகிறது. ஆனால் குஷிதான்.

பிட் எனக்கே திரும்பும் என்று சாயங்காலம் உட்கார்ந்து வாசித்துப் பழகினேன். ஜோவிடமிருந்து போன். நாளைக்கு என் ஆம்ப் கிடைக்குமா என்றான். முடியாது என்று எப்படிச் சொல்வது?

ஜூன் 9, திங்கள்

கேஸ் வரவில்லை. காற்று நிற்கவில்லை.

ரெக்கார்டிங். என் பெட்டியில் ஜோ தன் கிடாரைச் சொருகினான். ஒரு குமிழைக்கூடத் திருகவில்லை, நான் வைத்திருந்தது அப்படியே. வாசித்தான். முடிந்ததும் மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

என் ஆம்ப்தான். அதில் அப்படி ஒரு சத்தம் வந்து நான் ஒருநாளும் கேட்டதில்லை.

ஜோ என் பக்கம் திரும்பினான். "அண்ணே, அருமையான ஆம்ப்ணே. எங்க வாங்குனீங்க?"