பூவில் அடித்த மருந்து

என் அக்காவைக் கட்டி, எனக்கு அண்ணனாகவும் ஆகிப்போன பிரியமான மச்சானுக்கு,

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல உங்க மகள் செல்வி எழுதுகிறாள்.

அக்காவுக்கு முழங்கால் வலிதான், வேறு குறையில்லை. தா.பழூர் மீன்காரம்மா இன்னும் உங்களை விசாரிக்கிறாள். "அழுகின மீனைக் கேட்டு வாங்குன ஒரே மனுசன்" என்பாள்.

தை மாசம் மா பூத்ததும் ஓட்டைப் பானையில் அழுகிய மத்தி மீனைப் போட்டு மரத்துக்கு மரம் கட்டுவீங்க. "மச்சான், செல்வியைப் பொண்ணு பாக்க வர்றவங்க ரோட்டோட ஓடிடுவாங்க" என்பேன்.

"பூவுக்குச் சம்பந்தம் பேசுறவனே ஈதான்டா. நீ தள்ளி நில்லு" என்பீங்க.

பச்சையாய் மினுங்கும் ஈ, மஞ்சள் கோடு போட்டு அந்தரத்தில் அசையாமல் நிற்கும் ஈ, எல்லாம் நீங்க காட்டியதுதான். அந்தக் கோட்டு ஈயின் புழு இலைச்சாறு குடிக்கும் அசுவினிப் பூச்சியைத் தின்றதையும் பார்த்தேன். ஓடைக்கரையில் செத்துக்கிடந்த ஆட்டை நாலே நாளில் சுத்தம் செய்தது யார்? இப்போது ஊரில் மாடு குறைந்து சாணியும் குறைந்துவிட்டது. பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் ஓயாமல் மருந்து. ஈ எங்கே போய் வாழும்?

நீங்க கண்ணை மூடியபிறகு பானைகளை இறக்கியது நான்தான். நாற்றம் தாங்கலை. அப்புறம் ஒரு கூட்டத்தில் விவசாய ஆபீஸ் சார், "பழ ஈ வந்தா காய் கெட்டுடும், மருந்து அடிங்க" என்றார். என் காதில் 'ஈ' மட்டும்தான் விழுந்தது. பூவெல்லாம் ஈ மொய்த்ததைப் பார்த்து டேங்கை முதுகில் மாட்டி அடித்தேன். மறு வருசமும் அடித்தேன். ரெண்டு வருசமும் பூ கருகி உதிர்ந்தது. ஒரு பிஞ்சு இல்லை.

போன வாரம் அந்த சாரிடம் கேட்டேன்.

"எப்ப அடிச்சீங்க பெரியவரே?"

"பூவுலங்க."

"பழ ஈ காய் முத்தும்போதுல்ல வரும்? பூவுக்கு வந்தது வேற ஈ. அதையெல்லாம் கொன்னுட்டா எப்படிப் பிஞ்சு பிடிக்கும்?"

இதை யாரிடமும் சொல்லவில்லை. உங்க மகன் முருகனோ, "மரம் கெழடாயிடுச்சு மாமா" என்று வெள்ளிக்கிழமை அறுக்க ஆள் சொல்லிவிட்டான். நீங்க வைத்த ஆறு மரமும். வெட்கத்தில் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

இதுவரை எழுதியதும் செல்வி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்; மீதியைப் பிறகுதான் எழுதினாள்.

"அப்ப மரத்துக்கு ஒண்ணுமில்லையா மாமா?"

"ஒண்ணுமில்லம்மா. கோளாறு எனக்குத்தான்."

முருகனுக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தாள். சொன்னேன். "ஈயடிச்சான் மாமா, இதை முன்னாடியே சொன்னா என்னா?" என்றான். அறுக்கிற ஆளை வேண்டாமென்று சொல்லிவிட்டான்.

வருகிற தையில் ஆறு பானையும் நானே கட்டுவேன் மச்சான். பூ இருக்கும்வரை டேங்கைத் தொடமாட்டேன். மூக்கையும் பொத்தமாட்டேன்.

உங்க மகன் வைத்த பேரோடு,
மச்சினன்