பஸ் ஓடாத சாலை

இத்ரியா,
2020 ஏப்ரல் 4

என் தங்கம் திங்காராவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் நலம். நீயும் நலமாக இருக்கிறாய் என்ற நினைப்பிலேயே இதைத் தொடங்குகிறேன்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உன் நீல சைக்கிளை எடுத்துவிட்டேன். கேட்டுவிட்டு எடுத்திருக்கலாம். ஆனால் நீதானே, போனில் பேசினால் அழுகை வருகிறது, கடிதமாக எழுதம்மா, வார்டிலிருந்து வந்து படுத்துக்கொண்டே படிக்கிறேன் என்றாய். என் கடிதம் லூப்லியானாவில் உன் ஆஸ்பத்திரி விடுதிக்கு வந்து, நீ சம்மதம் சொல்லி, அது இங்கே வந்து சேர்வதற்குள் வசந்தமே முடிந்துவிடும்.

கொரோனா என்று பஸ்களை நிறுத்திய முதல் இரண்டு வாரம் வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். துடைத்த ஜன்னலையே மறுபடியும் துடைத்தேன். முதுகுக்குப் பின்னால் நாற்பது பேர் சளசளவென்று பேசிக்கொண்டு வர, இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டிப் பழகியவள் நான். திடீரென்று ஒரு குரலும் இல்லை. தனியாக சைக்கிள் ஓட்டலாம், நகராட்சி எல்லையைத் தாண்டக்கூடாது என்று ரேடியோவில் சொன்னதும் நேராகக் கொட்டகைக்குப் போய்விட்டேன்.

முதல் நாள் பாலத்தை அடைவதற்குள் இரண்டு முறை இறங்கி மூச்சு வாங்கினேன். நான்காம் நாள், கோதோவிச் மேட்டில் பாதி தூரம். ஆமாம், என் பஸ் போகும் அதே சாலை!

திங்காரா, அந்தச் சாலை அப்படி ஒரு ஏற்றம் என்று எனக்குத் தெரியவே தெரியாது. பஸ்ஸில் கியரை மாற்றுவேன், அது ஏறிவிடும். இப்போது ஒவ்வொரு அடிக்கும் தொடை கணக்குக் கேட்கிறது. பக்கத்தில் ஓடை போவது தெரியும். அது இத்தனை சத்தம் போடும் என்பது தெரியாது. எஞ்சின் இரைச்சலில் எனக்கு அது கேட்டதே இல்லை. மூன்றாவது வளைவு முழுக்கக் காட்டுப்பூண்டு வாசனை. இறங்கும்போதோ, காற்று சட்டைக்குள் புகுந்து முதுகில் பந்து மாதிரி உப்புகிறது. வாய்விட்டுக் கூவினேன். ஐம்பத்து நான்கு வயதுக்காரி, நடுச் சாலையில்! ஒரு மான் மட்டும் திரும்பிப் பார்த்துவிட்டுப் புல்லை மேயப் போய்விட்டது.

என் பயணிகளும் என்னை விடுவதாக இல்லை. ரொட்டிக்கடை பாவ்லா மாடியிலிருந்து கத்துகிறாள், "ஏண்டி யெல்கா, நாலு நிமிஷம் லேட்டு! மேல எழுதிப் போடட்டுமா?" மேட்டுப் பாதியில் தனி வீட்டில் இருக்கிறாரே, லுத்விக் பெரியவர், தினமும் ஒன்பது இருபது பஸ்ஸில் காபி குடிக்க ஊருக்குள் வருவாரே, அவர் பஸ் இல்லாவிட்டாலும் அதே நேரத்துக்குக் கோட்டு போட்டு நிறுத்தத்தில் உட்கார்ந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "டிரைவரம்மா, பின்னாடி ஒரு சீட்டு இருக்கா?" என்கிறார். இரண்டு மீட்டர் தள்ளி நின்று சிரித்துவிட்டுப் போவேன்.

போனை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறேன். பையில் இருந்தால் அது அடிக்கிறதா, அடிக்கிறதா என்றே காது நிற்கும்.

முகக்கவசக் கயிறு காதை அறுக்கிறது என்றாய். தலையில் கட்டும் பட்டையில் இருபுறமும் பொத்தான் தைத்து இரண்டு அனுப்பியிருக்கிறேன், கயிற்றை அதில் மாட்டிக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா யெல்கா

*

இத்ரியா,
ஏப்ரல் 18

கண்ணே திங்காரா,

ஈஸ்டர் அன்று நீ அனுப்பிய செய்தி கிடைத்தது. வாதுமைக்கொட்டை வைத்துச் சுருட்டிய பொதீட்சா ரொட்டி சுட்டு, ஒருத்திக்கு எதற்கு இவ்வளவு என்று பாவ்லாவின் படியில் பாதியை வைத்துவிட்டு வந்தேன். உன் பங்கு இருக்கிறது.

பெரிய செய்தி ஒன்று. மூச்சைப் பிடித்துக்கொண்டு படி.

வியாழக்கிழமை, ஒரு இடத்திலும் காலை ஊன்றாமல் மேட்டின் உச்சி வரை ஏறிவிடுவது என்று கிளம்பினேன். லுத்விக்கின் நிறுத்தத்தைத் தாண்டும்போது இருக்கை காலியாக இருந்தது. பார்த்தேன். உன்னிடம் மறைக்க மாட்டேன், பார்த்தேன். ஆனால் நின்றால் வேகம் போய்விடும் என்று மிதித்துக்கொண்டே போய்விட்டேன். உச்சியையும் தொட்டேன். கோதோவிச் பலகைக்கு முன்னால் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றேன். அந்த இரண்டு நிமிடம், அடடா, என்னைப் போல ஒருத்தி உலகத்தில் இல்லை.

பிறகுதான் உறுத்தியது. லுத்விக் ஒன்பது இருபதைத் தவறவிடுகிற ஆளா? உடனே திரும்பினேன்.

வீட்டுக்குப் பின்னால், விறகுக் கொட்டகைப் பக்கத்தில் கிடந்தார். முந்தின நாள் சாயங்காலம் விழுந்திருக்கிறார். இடுப்பை அசைக்க முடியவில்லை, உதடு நீலம் பாரித்திருந்தது. கண்ணைத் திறந்து, "டிரைவரம்மா, இன்னைக்கு ரொம்ப லேட்டு" என்றார். இரண்டு மீட்டராவது ஒன்றாவது! வீட்டிலிருந்த கம்பளியையெல்லாம் வாரிக்கொண்டு வந்து போர்த்தி, தலைக்குக் கீழே என் மேல்சட்டையை மடித்து வைத்தேன். போன் எங்கே என்று கேட்டால், "எனக்கெதுக்கு போனு? யாரு கூப்பிடப் போறா?" என்கிறார். என்னுடையதோ சமையலறை மேசையில்.

அப்புறம் இறங்கினேன் பார், திங்காரா! நான்கு கிலோமீட்டர், ஆறு நிமிடம். பஸ்ஸில் எனக்கு ஒன்பது நிமிடம் ஆகும். ஒவ்வொரு வளைவும் கைக்கு மனப்பாடம். எங்கே தார் பெயர்ந்திருக்கிறது, எங்கே ஈரம் காயாது, எல்லாம் தெரியும். இருந்தாலும் பயத்தில் பல் கிட்டிப்போயிருந்தது. தீயணைப்பு நிலையத்து வாசலில் நிறுத்தத் தெரியாமல் செடிவேலிக்குள் போய் விழுந்தேன். முழங்கை சிராய்ந்ததோடு சரி. ஆம்புலன்ஸ் என்னைத் தாண்டி மேலே போனபோது அந்த சைரன் சங்கீதம் மாதிரி இருந்தது.

இடுப்பெலும்பு முறிவு; அறுவை நன்றாக முடிந்தது. இன்னும் இரண்டு மணி நேரம் போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்று மருத்துவர் சொன்னாராம். ஊரெல்லாம் என்னைக் கொண்டாடுகிறது. நான் அவரைக் கடந்து போனதை உன்னைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. படுக்கை படுக்கையாக ஓடும்போது யாரையாவது பார்க்காமல் போய்விட்டேனோ என்று தூக்கம் வருவதில்லை என்றாயே, அது அன்று முழுவதும் காதில் இருந்தது. ஓடுகிறவள் சில சமயம் கடந்து போய்விடுவாள், மகளே. நீ திரும்பிப் போகிறவள் என்பது எனக்குத் தெரியும்.

இப்போது போனைக் கூடவே எடுத்துப் போகிறேன். எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு.

அம்மா

*

இத்ரியா,
ஏப்ரல் 29

திங்காரா,

காய்ச்சல் இல்லை, வெறும் இருமல், விடுதி அறையில் தனியாக வைத்திருக்கிறார்கள், பயப்படாதே என்று ஐந்து நாளுக்கு முன்னால் எழுதியிருந்தாய். நான் பயப்படவில்லை. அதைப் படித்ததிலிருந்து காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை மேடு ஏறுகிறேன், அவ்வளவுதான். நேற்று எல்லைப் பலகை வரைக்கும் போய்விட்டேன். போலீஸ்காரர் கையைக் காட்டி, "அம்மா, இதுக்கு மேல கூடாதுங்க" என்றார். தெரியும் தம்பி, வழியைத்தான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

நாளையிலிருந்து அந்தத் தடை இல்லை. லூப்லியானாவுக்கு, உன்னிடம், ஐம்பத்தெட்டு கிலோமீட்டர். பாவ்லா தலையில் அடித்துக்கொள்கிறாள், "பைத்தியமாடி நீ? பஸ் ஓடுற வரைக்கும் பொறுக்க மாட்டியா?" பஸ் ஓடினால் ஓட்ட வேண்டியவளே நான்தான்! டயருக்குக் காற்றடித்தாயிற்று, சங்கிலிக்கு எண்ணெய் விட்டாயிற்று. சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் பதினொன்றுக்குள் வந்துவிடுவேன். இப்போதே கால் துறுதுறுக்கிறது.

உன் விடுதிக்கு எதிரே புல்வெளி இருக்கிறது என்றாய். அங்கே நிற்பேன். உள்ளே வர மாட்டேன், யாரிடமும் சண்டை போட மாட்டேன், அழவும் மாட்டேன். நீ பேச வேண்டாம். பேசினால் இருமல் வரும். மூன்றாவது மாடி, இடப்பக்கம் இரண்டாவது ஜன்னல்தானே? நன்றாகத் தூங்கி எழுந்து, பதினொரு மணிக்கு அந்தத் திரையை மட்டும் விலக்கு. எழுந்து நிற்க முடியவில்லை என்றால் கையையாவது கண்ணாடியில் வை, கண்ணே. எனக்கு அது போதும்.

உன் அம்மா