பிச்சம்மாள் என்று எழுதச் சொன்னாள்

கரமனை,
வெள்ளிக்கிழமை

அம்மாவுக்குப் பிச்சையின் வணக்கம். கால்வலி தேவலையா? போனில் பேசினால் குரல் உடைகிறது, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் குழந்தை இன்னும் கண்ணாடிப் பெட்டியில்தான் இருக்கிறாள். பயப்பட ஒன்றுமில்லை. நேற்று ஆஸ்பத்திரியில் பெயர் கேட்டார்கள். ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த அஸ்வதி, "பிச்சம்மாள்னு எழுதுங்க" என்றாள்.

நர்ஸ் சிரித்துவிட்டாள். "இதெந்து பேரு, சேச்சி?"

"பிள்ளை தங்காத வீட்ல, சாமிகிட்ட பிச்சையா வாங்கினதுன்னு வைக்கிற பேரு. மட்டமான பேருன்னா எமன் திரும்பிப் பார்க்க மாட்டான்" என்றேன். அவள் அப்படியே எழுதிக்கொண்டாள்.

இந்தப் பெயருக்காகச் சின்ன வயதில் உங்களோடு எவ்வளவு சண்டை போட்டேன். மன்னித்துவிடுங்கள்.

பழைய பருத்திச் சேலை இரண்டு வேண்டும். முடிந்தால் நீங்களே கொண்டுவாருங்கள். எனக்கு முன்னால் பிறந்து போய்விட்ட மூன்று பேருக்கும் என்ன பெயர் வைத்திருந்தீர்கள்? நான் கேட்டதே இல்லை. வரும்போது சொல்லுங்கள்.

டாக்டர் கூப்பிடுகிறார்.

பிச்சை