காலியாக விட்ட கரடு

அண்ணா,

நேற்று உங்கள் வீட்டுக்குப் போகும் வழியில், பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனி வாசலில் வேஸ்ட் துணி மூட்டைகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு மூட்டை வாய் பிரிந்து, கரும்பச்சைத் துண்டுகள் ரோட்டோரம் குவியலாகக் கொட்டின. ஏற்றிக்கொண்டிருந்தவர் இந்தியில் யாரையோ திட்டினார். நான் வண்டியை ஓரங்கட்டி அந்தக் குவியலையே பார்த்துக்கொண்டு நின்றேன். நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால், "வடக்குச் சரிவு சரியில்லீங்க தம்பி" என்று காலால் ஒதுக்கிச் சரிசெய்திருப்பீர்கள்.

நான் அக்கா என்று கூப்பிடும் உங்கள் மனைவியிடம் ஒரு உண்மையைச் சொல்லத்தான் கிளம்பி வந்தேன். நீங்கள் போன பிறகு போனில் விசாரிப்பதோடு சரி, உங்கள் வீட்டுப் படி ஏறவே இல்லை. விடுமுறைக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் ஏதாவது சாக்கு கிடைத்தது. தைரியம் இல்லாதவனுக்குச் சாக்குக்கா பஞ்சம்?

ஊரை விட்டு எவ்வளவோ தள்ளி, வடக்கே ஒரு ராணுவ அகாடமியின் வரலாற்றுத் துறையில் நாம் இருவரும் வாத்தியார்கள். சீருடை இல்லாத ஆட்கள். நான் அனுப்பர்பாளையத்துக்காரன், உங்கள் ஊர்ப்பக்கம் என்று தெரிந்த அன்றே என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உங்கள் குவார்ட்டர்ஸுக்கு நடந்துவிட்டீர்கள். அங்கே காலை வணக்கம்கூடக் கட்டளை மாதிரிதான் இருக்கும். நீங்கள் மட்டும் இந்திக்காரப் பயிற்சி மாணவர்களிடமும் "உக்காருங்க" என்பீர்கள். ஒரு பருவம் முடிவதற்குள் அந்தப் பிள்ளைகள் "சாருங்க, சாருங்க" என்று உங்கள் பின்னால் சுற்ற ஆரம்பித்தார்கள். துறைத் தலைவரான கர்னல் தலையில் கை வைத்துக்கொண்டார்.

நம் துறைக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. யாருக்கும் பிடிக்காத கூடுதல் வேலை வந்தால், பழைய போர் ஒன்றை எடுத்துக்கொண்டு மணல் மேசையின் இரு பக்கமும் நாம் நிற்போம். ஆளுக்கொரு படை. மலை, ஆறு, பாலம் எல்லாம் மணலில் இருக்கும். மாணவர்கள்தான் நடுவர்கள். தோற்றவர் அந்த வேலையைச் செய்ய வேண்டும். விளையாட்டு விழா மேற்பார்வை, நூலகக் கணக்கெடுப்பு எல்லாவற்றையும் இப்படித்தான் ஒருவர் தலையில் ஒருவர் கட்டினோம். பெரும்பாலும் என் தலையில். "தம்பி, உங்களுக்குக் கோவம் ஜாஸ்தி, அதான் தோக்கறீங்க" என்று சிரிப்பீர்கள். எனக்கு இன்னும் கோபம் வரும்.

கொரோனா வந்தபோது நாம் விடுமுறையில் இங்கே இருந்தோம். மாணவர்களையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். செல்போனில் பாடம் நடத்து என்று உத்தரவு. உங்கள் மச்சானின் கம்பெனி பூட்டிக் கிடந்தது. அங்கே துணி வெட்டும் கட்டிங் டேபிளைப் பார்த்ததும் உங்கள் முகம் மலர்ந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அத்தனை நீளமான மேசையை எந்த அகாடமியில் பார்க்க முடியும்? பச்சை வேஸ்ட்டைக் குவித்து மலை செய்தோம். நீல ரிப் துணியை வளைத்து ஆறு விட்டோம். வெள்ளைப் பட்டன் உங்கள் படை, கறுப்புப் பட்டன் என் படை. மாணவர்கள் மேலிருந்து பார்க்கப் போனை விட்டத்தில் கட்டித் தொங்கவிட்டோம். அக்கா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "படிச்சவங்க பண்ற வேலையா இது?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். வெளியே ஊரே பயத்தில் கதவைச் சாத்திக் கிடந்தபோது நாம் அங்கே சந்தோஷமாக இருந்தோம். அதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

அப்புறம் கர்னல் போனில் கூப்பிட்டார். மாணவர்களைத் திரும்ப அழைக்கிறார்கள், வரலாற்றுத் துறையிலிருந்து ஒருவர் வளாகத்துக்குள்ளேயே போய்த் தங்க வேண்டும், பருவம் முடியும்வரை ஊர் திரும்ப முடியாது. யார் என்று உங்களுக்குள் வழக்கம்போல் முடிவு செய்துகொள்ளுங்கள் என்றார். அப்போது தடுப்பூசி வரவில்லை. என் மனைவி மாசமாக இருந்தாள். நான் அதைச் சொல்லவில்லை. நீங்கள்தான் கேட்டீர்கள்.

"ஊட்ல எப்பிடி இருக்கறாங்க தம்பி?"

"பயந்துட்டு இருக்கறாளுங்கண்ணா."

"செரி, வாங்க. டேபிளுக்குப் போலாம்."

அன்று நாம் எடுத்தது பழைய ஆற்றங்கரைச் சண்டை ஒன்று. தற்காப்பு உங்களுக்கு, தாக்குதல் எனக்கு. ஆற்று வளைவில் ஒரு சின்னக் கரடு, மொட்டைக் குன்று. அதில் ஆள் நிறுத்தினால் எதிரி பாலத்தை நெருங்க முடியாது. இதை வருஷா வருஷம் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள். அன்று பட்டன்களைப் பாலத்தில் வைத்தீர்கள், ஊருக்குள் வைத்தீர்கள், பின்பக்கச் சாலையில்கூட வைத்தீர்கள். கரட்டைக் காலியாக விட்டீர்கள். கையில் இன்னும் ஒரு வெள்ளைப் பட்டன் இருந்தது. அதை விரலில் உருட்டிக்கொண்டே, "அவ்வளவுதானுங்க தம்பி. இனி நீங்க" என்றீர்கள்.

நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். எனக்குப் புரிந்தது அண்ணா. அந்த நொடியே புரிந்தது. "கரட்ட உட்டுட்டீங்க, மறுபடி வைங்க" என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. சொல்லவில்லை. கறுப்புப் பட்டனை எடுத்துக் கரட்டின்மேல் வைத்தேன். திரையில் ஒரு மாணவன், கரட்டை ஏன் விட்டீர்கள் சார் என்று கேட்டான். மறந்துவிட்டேன் என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தீர்கள். ஓரமாக நின்ற அக்கா, "தோத்துட்டீங்களா?" என்றார். நீங்கள் தலையாட்டினீர்கள்.

"போயிட்டு வந்தர்றனுங்க" என்று முகக்கவசத்துக்குள்ளிருந்து சொல்லிவிட்டு வண்டி ஏறினீர்கள். என் மகள் பிறந்த செய்தியைப் போனில் சொன்னபோது மெஸ்ஸில் எல்லோருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தீர்களாம். பருவம் முடிந்தும் உங்களை விடவில்லை, அடுத்த பருவமும் இருக்கச் சொன்னார்கள். இரண்டாம் அலை அங்கே வைத்துத்தான் உங்களைப் பிடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கடைசிப் போனில் மூச்சு வாங்க வாங்க, "பாப்பா தவழறாளுங்களா?" என்று கேட்டீர்கள். அங்கேயே எரித்துவிட்டார்கள். அக்காவும் உங்கள் மகளும் அதைச் செல்போனில் பார்த்தார்கள்.

இதையெல்லாம் நேற்று அக்காவிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். உங்கள் மச்சானின் கம்பெனியை இப்போது அக்காதான் பார்த்துக்கொள்கிறார். மகள் கல்லூரிக்குப் போகிறாளாம். என்னைப் பார்த்ததும், "இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்" என்று கேலி பேசினார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பதற்குள் அவரே கேட்டுவிட்டார்.

"ஒண்ணு கேக்கோணும்னு இருந்தனுங்க தம்பி. அன்னைக்கு டேபிள்ல அவரு நெசமாலுமே தோத்தாருங்களா? இல்ல, வேணும்னே உட்டுக் குடுத்தாருங்களா?"

நான் வாயைத் திறந்தேன். அக்கா கையை உயர்த்தி நிறுத்தினார்.

"தோத்துப் போயிருந்தா எங்க நேரம்னு இருந்துக்குவனுங்க. வேணும்னே போயிருந்தாருன்னா, கெளம்பறப்ப என்னையும் புள்ளையையும் நெனச்சே பாக்கலையான்னு அவரு மேல கோவமா வருதுங்க. செத்தவர் மேல கோவப்பட்டுட்டு எப்பிடிங்க தூங்கறது? அதான் கேக்கறேன்."

நான் கொண்டுபோன உண்மை அங்கேயே நின்றுவிட்டது. அதைச் சொன்னால் எனக்குத்தான் பாரம் இறங்கும். அக்காவுக்கு ஏறும்.

"தோத்துட்டாருங்க அக்கா" என்றேன். "அன்னைக்கு நான் நல்லா ஆடுனனுங்க."

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பச் செரிங்க. அவராப் போகல" என்றார். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று இலை போட்டார். இரண்டாம் முறை சோறு வைத்தபோது வேண்டாம் என்று சொல்ல எனக்கு முகம் இல்லை.

ஜெயித்தவன் எழுதிய அறிக்கையைச் சந்தேகப்படுங்கள் என்று வகுப்பில் சொல்வீர்கள். அக்கா சந்தேகப்படவில்லை. எனக்காக நீங்கள் செய்ததை உங்கள் மனைவியே அறியாதபடி செய்துவிட்டேன். உங்கள் மகளுக்கும் இனி நீங்கள் ஒரு கரட்டை மறந்துபோன அப்பாதான். மன்னிப்புக் கேட்பதற்கென்று எனக்கு மீதியிருந்த வீடு அது ஒன்றுதான். அந்த வீட்டில் நான் இனி நியாயமாக ஜெயித்தவன். அக்கா நிம்மதியாகத் தூங்க வேண்டுமென்றால் சாகும்வரை நான் அப்படியேதான் இருக்க வேண்டும், அண்ணா.