ஒரு நாள் நிறைந்த பள்ளிக்கூடம்

மேலப்பாளையம்
9.7.2025

அன்புள்ள மதி,

நலம். நீ நலமாக இருக்க என் துஆ. உன் ஊரில் போனுக்கு சிக்னல் கிடைக்காததும் ஒரு வகையில் நல்லதுதான். பயிற்சிப் பள்ளி விடுதியில் படித்த காலத்தில் லீவுக்குப் போனதும் எழுதிக்கொள்வோமே, அந்தப் பழக்கம் விட்டுப்போகாமல் இருக்கிறது.

தொடக்கக் கல்விக்கு மாவட்ட அலுவலராக நேற்றுப் பொறுப்பேற்றேன். ஒரு வருஷத்துக்குள் இந்த நாற்காலிக்கு நான் நாலாவது ஆள். அலுவலக உதவியாளர் பிச்சைக்கண்ணு அண்ணாச்சி பெயர்ப் பலகையைக் கையில் வைத்துக்கொண்டு, "அம்மா, பேரப் பெயிண்டுல எழுதச் சொல்லவா, சாக்பீஸே போதுமா?" என்றார். கேலி இல்லை, மெய்யாகவே கேட்டார். சிரித்துவிட்டேன். பிறகு வருத்தமாக இருந்தது.

தலைமையாசிரியர்கள் சால்வையும் எலுமிச்சம்பழமுமாய் வந்து போனார்கள். நீ மட்டும் வரவில்லை. உம்மா வீட்டு மாடியில் படுத்தால் விடியற்காலையில் ஆற்றுக் காற்று வருகிறது. பாதித் தூக்கத்தில் நாம் இன்னும் விடுதியில் இருப்பதாகவும், நீ என் போர்வையை இழுப்பதாகவும் தோன்றுகிறது. கண்ணைத் திறக்கவே மனசு வருவதில்லை. என் மேல் கோபமா?

உன்,
மும்தாஜ் பேகம்

*

கரையடியூர்
17.7.2025

என் மும்தாஜுக்கு,

"மதிப்பிற்குரிய அம்மையீர்" என்று தொடங்கி ஒரு தாளைக் கிழித்துப் போட்டேன். என்னால் ஆகாது. கோபமில்லை ஏட்டி. வரிசையில் நின்று உனக்குச் சால்வை போட்டால் நீ அதிகாரி, நான் தலைமையாசிரியை என்று ஆகிவிடுமே. அந்தப் பயம்தான்.

நீ என் பள்ளிக்கூடத்தைப் பார்த்ததில்லை. ஆற்றங்கரையில் ஓட்டுக் கட்டடம், பக்கத்தில் ஒரு மருதமரம். மத்தியானத்தில் மலைப்பக்கம் மேகம் இறங்கினால் வகுப்பே தண்ணீருக்குள் இருப்பதுபோல் பச்சையாகிவிடும். பிள்ளைகள் கொஞ்சம்தான். பாதி ஊர் வேனில் ஏறி இங்கிலீஷ் பள்ளிக்குப் போகிறது. அதனால் எங்களை அக்கரைப் பள்ளியோடு இணைத்துவிடலாம் என்று உன் மேசையில் ஒரு கோப்பு இருக்கும். உனக்கு முன்னால் இருந்தவர்களில் ஒருவர் இணைக்கச் சொன்னார், அடுத்தவர் கூடாதென்றார், மூன்றாமவர் கோப்பைத் திறக்குமுன்பே மாற்றலாகிப் போனார். அக்கரைக்குப் போக, தண்ணீரை ஒட்டினாற்போல் தாழ்வாகக் கட்டிய ஒரு சப்பாத்துப் பாலம்தான் உண்டு. ஐப்பசி மழையில் அது ஆற்றுக்குள் மூழ்கிவிடும். ஐந்து வயசுப் பிள்ளைகளை அதில் எப்படி அனுப்புவேன்?

இதைச் செய் என்று உன்னிடம் கேட்கமாட்டேன். கேட்டால் செய்துவிடுவாய், பிறகு உனக்கு உறக்கம் வராது. வந்து பார், அது போதும்.

மதுமதி

*

மேலப்பாளையம்
5.8.2025

அன்பு மதி,

வருகிற செவ்வாய்க்கிழமை வருகிறேன். சொல்லாமல் போய்ப் பார்க்க வேண்டிய ஆய்வு இது. பிச்சைக்கண்ணு அண்ணாச்சிக்குக்கூட எந்த ஊர் என்று தெரியாது. உனக்கு எழுதுவதே தப்பு. ஆனால் இத்தனை வருஷம் கழித்து வரும்போது நீ லீவில் போயிருந்தால் நான் என்ன செய்வேன்? பள்ளியில் எதுவும் சாப்பிடமாட்டேன். வேலை முடிந்ததும் உன் வீட்டுக்கு வருவேன், இன்ஷா அல்லாஹ். சொதி வைத்திரு.

மும்தாஜ்

*

கரையடியூர்
13.8.2025

அன்புள்ள மும்தாஜ்,

நேற்று "இன்னொரு நாள் வாரேன்" என்று ஜீப்பில் ஏறிவிட்டாய். என் முகத்தைப் பார்க்கவேயில்லை. வைத்த சொதி அப்படியே இருந்தது.

நீ வருகிற சந்தோஷத்தில், காலைச் சாப்பாடு சமைக்கும் முப்பிடாதியிடம் உளறிவிட்டேன். அவள் ஊரைக் கூட்டிப் பேசி, வேனை வரவேண்டாம் என்று சொல்லி, இங்கிலீஷ் பள்ளிப் பிள்ளைகளின் டையைக் கழற்றி என் வகுப்பில் உட்காரவைத்துவிட்டாள். "ஒரு நாளுதான டீச்சர், பைய இருந்துட்டுப் போகட்டும். பள்ளிக்கூடம் நமக்கு வேணும்லா?" என்றாள்.

நான் தடுத்திருக்க வேண்டும். ஆனால் வாசலில் நின்றபடி பார்த்துக்கொண்டே இருந்தேன், ஏட்டி. வரிசை வரிசையாகப் பிள்ளைகள். ஓட்டு இடுக்கு வழியாக விழுந்த வெயில் ஒவ்வொரு தலையிலும் இருந்தது. நான் எத்தனையோ முறை கனாக் கண்ட வகுப்பு அது, கலைக்க முடியவில்லை. நீ நுழைந்ததும் பாதிப் பேர் "குட் மார்னிங் மேடம்" என்று ராகம் போட்டார்கள். என் பிள்ளைகள் "வணக்கம்" சொல்லிவிட்டுத் திருதிருவென்று விழித்தார்கள். அப்போதே உனக்குத் தெரிந்துவிட்டது. ஏன் ஒன்றும் கேட்கவில்லை?

எனக்காகப் பொய் எழுதிவிடாதே.

மதுமதி

*

மேலப்பாளையம்
26.9.2025

மதி,

உன் மேல் கோபமாக இருந்தது, மறைப்பானேன். உன்னிடம் ஏன் கேட்கவில்லை என்றால், அந்த நிறைந்த வகுப்பைக் கொஞ்ச நேரம் நானும் நம்ப ஆசைப்பட்டேன். திரும்பும்போது ஜீப்பில் கண்ணை மூடினால் அந்தத் தலைகளும் வெயிலும்தான் வந்தன.

பிறகு உன் பிள்ளைகளை மட்டும் கணக்கில் எழுதினேன். வேன் பிள்ளைகள் உட்கார்ந்திருந்ததையும் எழுதினேன். விளக்கம் கேட்டு உனக்கு நோட்டீஸ் வரும், என் கையெழுத்தோடு. அதே குறிப்பில், பிள்ளைகள் குறைவானாலும் பாலம் மூழ்குகிற ஊரில் இந்தப் பள்ளியை இணைக்கக் கூடாது என்றும் எழுதியிருக்கிறேன்.

நேற்று எனக்கு மாற்றல் வந்துவிட்டது. கிருஷ்ணகிரி. வருகிறவர் என் குறிப்பைப் படிப்பாரா என்று தெரியாது. உன்னை வந்து பார்க்கத் தைரியமில்லை. நோட்டீஸ் அனுப்பியவள் உன் வீட்டில் எப்படி உட்கார்ந்து சாப்பிடுவாள்? இனி நீ எழுதாவிட்டாலும் உன்னைக் குறை சொல்லமாட்டேன்.

மும்தாஜ்

*

கரையடியூர்
14.11.2025

என் மும்தாஜுக்கு,

நோட்டீஸ் வந்தது. நடந்தது உண்மைதான் என்று பதில் கொடுத்தேன். உன் கையெழுத்தைப் பார்த்து அழுதேன். பல நாள் உனக்கு எழுதப் பேனா எடுக்கவில்லை.

போன வாரம் புது அதிகாரி காந்திமதிநாதன் சார் வந்தார். நல்ல மழை. அக்கரைக்கு வழி கேட்டார். சப்பாத்து இருக்கும் இடத்தைக் காட்டினேன், வெறும் தண்ணீர்தான் தெரிந்தது. "இதுக்குள்ள எந்தப் பிள்ளைய எறக்க? எண்ணிக்கைய மறைக்காம எழுதுன அம்மா, இதையும் சரியாத்தான் எழுதியிருக்காங்க" என்றார். இந்த வருஷம் இணைப்பு இல்லை. அடுத்த வருஷம் எப்படி சார் என்று கேட்டேன். "அடுத்த வருஷம் நானே இங்கன இருப்பனா டீச்சர்?" என்று குடையை விரித்துக்கொண்டு போனார்.

இன்று காலை எங்கள் ஊர் முத்துராணி தன் மகள் பிரியதர்ஷினியைக் கூட்டிவந்தாள். அன்று டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் ஒருத்தி. "அன்னைலேர்ந்து வேன்ல ஏறமாட்டேங்கா டீச்சர். ஒறக்கத்துலயும் ஒங்களத்தான் கூப்பிடுதா. இங்கனயே சேத்துக்கிடுங்க" என்றாள். சேர்த்துவிட்டேன். சன்னலோரமாகப் போய், நேற்றுவரை அங்கேயே இருந்தவள்போல உட்கார்ந்துகொண்டாள்.

ஆக, நீ எழுதிய எண்ணிக்கையில் ஒன்று கூடிவிட்டது. கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு அதைத் திருத்த முடியாது. லீவு போட்டு வந்து நீயே எண்ணிவிட்டுப் போ.

உன்,
மதி